நடுக்குவாதத்துக்கு ஸ்டெம் செல்: விளம்பரத்தைச் செய்தியாக வெளியிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம், மோட்டார் நியூரான் நோய், அல்சைமர் மறதிநோய் ஆகியவற்றை ஸ்டெம் செல் (வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய மூல உயிரணு) ஊசியால் சரிசெய்வதாகச் சொல்லும் கட்டுரைகள் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. பலவற்றின் அடியில் சிகிச்சை மையத்தின் தொலைபேசி எண்ணும் அச்சாகிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடக்கும் உண்மையான ஆய்வுகளைப் பற்றிய செய்திகளும் அதே பக்கத்தில் இடம்பெறுகின்றன. இரண்டையும் படிக்கிற குடும்பம், அங்கே ஆய்வில் இருப்பது இங்கே காசு கொடுத்தால் கிடைக்கிறது என்று நம்பி, நகையை அடகு வைக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, பொருள் வேறு. அந்த வேறுபாட்டை ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர்கள் பார்க்கும் விதத்தில் விளக்கவே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளம். சுருக்கினால் பயன் இருக்காது.

நடுக்குவாதத்தில் மூளைத்தண்டின் மேற்பகுதியில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பட்டையில் இருக்கும் டோபமின் நரம்பணுக்கள் அழிகின்றன. அவற்றின் நீண்ட இழைகள் மூளையின் உட்பகுதியிலுள்ள புட்டாமென் வரை சென்று அங்கே டோபமினைச் சுரக்க வேண்டும். அசைவைத் தொடங்குவதும் அளவாக நிறுத்துவதும் அந்தச் சுரப்பால்தான். கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் அந்த அணுக்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். புட்டாமெனில் டோபமின் அதைவிட அதிகமாகவே குறைந்திருக்கும். ஓரிடத்தில், ஒரே வகை அணு, ஒரே வேதிப்பொருள் என்று இழப்பு குறுகி இருப்பதால்தான் அணுவை மாற்றி வைக்கும் யோசனை முதலில் இந்த நோய்க்கு வந்தது. அல்சைமரில் இழப்பு மூளை முழுவதும் பரவுகிறது. மோட்டார் நியூரான் நோயில் இறப்பது முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை நீளும் இழை கொண்ட அணு. புதிதாக ஓர் அணுவை வைத்தாலும் அது அத்தனை தூரம் இழை விட்டுத் தசையைத் தொட வழியில்லை. ஆகவே "எல்லா நரம்பு நோய்க்கும் ஒரே ஊசி" என்ற வாசகத்தைப் பார்த்த உடனேயே சந்தேகப்படலாம்.

இனி எபிஜெனெடிக்ஸ், அதாவது டிஎன்ஏவின் எழுத்து மாறாமலேயே மரபணுக்கள் திறப்பதையும் பூட்டுவதையும் ஆராயும் துறை. இந்தச் சொல்லும் இப்போது விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. நம் தோல் அணுவிலும் கல்லீரல் அணுவிலும் டோபமின் நரம்பணுவிலும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றே. எந்த மரபணு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தின்மேல் ஒட்டும் மெத்தில் என்ற வேதிக்குறி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின்மேல் ஏறும் அசெட்டில், மெத்தில் குறிகள் ஆகியவை இந்தத் திறப்பையும் பூட்டையும் தீர்மானிக்கின்றன. அணு பிரியும்போது குறிகளில் பெரும்பாலானவை நகலெடுக்கப்பட்டு அடுத்த தலைமுறைக்கும் போகின்றன. அதனால்தான் கல்லீரல் அணு பிரிந்தால் கல்லீரல் அணுவே வருகிறது. 1942 இல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்த கான்ராட் வாடிங்டன், மலைச்சரிவில் உருளும் பந்தாக அணுவைப் பின்னாளில் வரைந்து காட்டினார்: ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிவிட்ட பந்து தானாக ஏறி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகாது.

ஆனால் ஏற்ற முடியும். 1962 இல் ஜான் கர்டன், தவளையின் குடலணுவிலிருந்து அணுக்கருவை எடுத்து, தன் அணுக்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து தலைப்பிரட்டையை வளர்த்தார். 2006 இல் ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாகா, ஆக்ட்3/4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோலணுவைக் கருநிலைக்குத் திருப்பினார். 2007 இல் மனித அணுவிலும் அது நடந்தது. இருவருக்கும் 2012 இல் நோபல் பரிசு. இப்படிக் கிடைப்பதே ஐபிஎஸ் செல். பழைய குறிகள் துடைக்கப்பட்டு, உடலின் எந்த அணுவாகவும் மாறக்கூடிய நிலைக்கு அது வருகிறது. வயதைக் காட்டும் மெத்தில் குறிகளும் அழிகின்றன. எழுபது வயதுக்காரரின் இரத்தத்திலிருந்து எடுத்தாலும் ஐபிஎஸ் செல்லின் எபிஜெனெடிக் வயது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்.

துடைப்பது எப்போதும் முழுமையாக நடப்பதில்லை. இரத்தத்திலிருந்து வந்த ஐபிஎஸ் செல், சில காலம் இரத்த அணுவாக மாறவே அதிகம் சாயும். பெண் அணுக்களில் மூடியிருக்க வேண்டிய எக்ஸ் குரோமோசோம், வளர்ப்பு நீடித்தால் மெல்லத் திறந்துகொள்வது உண்டு. வேகமாகப் பெருகும் பிறழ்ந்த அணு வளர்ப்புத் தட்டை ஆக்கிரமித்துவிடும். 20 ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பாவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. யமனாகா செலுத்திய நான்கு மரபணுக்களில் சி-மிக் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு. ஜப்பானில் 2014 இல் விழித்திரை நோயாளி ஒருவருக்கு முதன்முறை ஐபிஎஸ் அணுக்கள் வைக்கப்பட்ட பிறகு, இரண்டாவது நோயாளிக்காகத் தயாரான அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அவருக்கு வைக்காமலேயே நிறுத்தினார்கள். ஒரு நோயாளிக்காகப் பல மாதம் வளர்த்ததை அப்படியே கைவிடும் துணிவு இருக்கும் இடத்தைத்தான் ஆய்வு மையம் என்று சொல்ல வேண்டும்.

ஐபிஎஸ் செல்லையோ, தொடக்கக் கருவிலிருந்து எடுக்கும் கருமுளை ஸ்டெம் செல்லையோ அப்படியே மூளையில் வைத்தால் டெரட்டோமா என்ற கட்டி வளரும். முதலில் அதை டோபமின் அணுவாகும் பாதையில் இறக்கிவிட வேண்டும். வேலையின் பெரும்பகுதி இங்கேதான். லாமினின் என்ற புரதம் பூசிய தட்டில் அணுக்களைப் படரவிட்டு, அணுவுக்குள் செய்தி கடத்தும் எஸ்மேட் சமிக்ஞையின் இரு கிளைகளையும் இரண்டு தடுப்பான்களால் அடைத்தால் அவை நரம்புத் தோற்றத்துக்கு வருகின்றன. சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு சமிக்ஞையைத் தூண்டினால், கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாயின் அடித்தளத்து அணுக்களாகின்றன. நடுமூளை டோபமின் அணு பிறப்பது அந்த அடித்தளத்தில்தான் என்பதைக் கொண்டே 2011 இல் நியூயார்க்கில் லோரன்ஸ் ஸ்டூடர் குழு இன்றைய முறைகளுக்கு அடிப்படை போட்டது. அடுத்தது முன்பின் அச்சு, அதாவது அணு முன்மூளைக்குரியதா, நடுமூளைக்குரியதா, பின்மூளைக்குரியதா என்பது. இதைத் தீர்மானிப்பது விண்ட் சமிக்ஞையைத் தூண்டும் சிஎச்ஐஆர் என்ற சிறு மூலக்கூறின் செறிவு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக முறையில் அது 0.7 மைக்ரோமோலார் அளவில் இருந்தால் நடுமூளை அணு வரும். சேர்க்காவிட்டால் முன்மூளை அணு. 1 மைக்ரோமோலாரைத் தாண்டினால் பின்மூளை அணு. இத்தனை குறுகிய இடைவெளி. அதிலும் ஒவ்வொரு செல் வரிசைக்கும் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கும் அணுக்கூட்டம்) சரியான அளவு சற்று மாறுவதால், புதிய வரிசை ஒவ்வொன்றுக்கும் அளவுப் படிகள் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்மூளைப் பக்கம் நகர்ந்த அணுக்களில், செரடோனின் என்ற வேறு வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் கலந்திருக்கும். இவை டோபமினையும் விழுங்கி, கட்டுப்பாடின்றி வெளிவிடும். கலைக்கப்பட்ட கருவின் மூளைத்திசுவை நோயாளிக்கு வைத்த முந்தைய கருத்திசு ஒட்டுகளில், மாத்திரை வேலை செய்யாத நேரத்தில்கூட சிலருக்கு நிற்காத முறுக்கசைவு வந்ததற்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே கியோட்டோவில் வளர்ப்பின் 12 ஆம் நாளையொட்டி, அடித்தள அணுவின் மேலிருக்கும் கோரின் என்ற புரதத்தை அடையாளமாக வைத்து, வேண்டிய அணுக்களை மட்டும் கருவியால் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு அவற்றை மிதக்கும் சிறு உருண்டைகளாக வளர்த்து 30 ஆம் நாளையொட்டி மூளையில் வைக்கிறார்கள். வைக்கும் நேரமும் முக்கியம். இளையதாக இருந்தால் இன்னும் பிரிந்து பெருகும். முதிர்ந்திருந்தால் இழைகள் அறுந்து இறக்கும். பாதி வழியில் இருக்கும் முன்னோடி அணுவும் இளம் நரம்பணுவும் கலந்த நிலையே சரி. ஊசி போவதும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்கு அல்ல. வளர்ந்த மூளையில் அங்கிருந்து இழை நீண்டு வருவது கடினம் என்பதால் டோபமின் தேவைப்படும் புட்டாமெனிலேயே வைக்கிறார்கள். தலையில் சட்டகம் பொருத்தி, எம்ஆர்ஐ வழிகாட்ட, மண்டையில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை அது.

இதன் முடிவுகள் 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தன. ஜுன் தகஹாஷி தலைமையிலான கியோட்டோ ஆய்வில் 50 முதல் 69 வயதுள்ள ஏழு பேர். குறைந்த அளவு பெற்றவர்களுக்கு மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் 21 முதல் 26 லட்சம் அணுக்கள், அதிக அளவு பெற்றவர்களுக்கு 53 முதல் 55 லட்சம். இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில் கட்டியோ ஒட்டின் அளவுமீறிய வளர்ச்சியோ இல்லை. பலன் பார்க்கப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மருந்தில்லாத நிலையில் அசைவு மதிப்பெண் மேம்பட்டது. ஆறு பேரின் சராசரி முன்னேற்றம் 9.5 புள்ளி. புட்டாமெனில் டோபமின் உற்பத்தியைக் காட்டும் பெட் ஸ்கேன் அளவு 44.7 சதவீதம் உயர்ந்தது. அதே இதழில் வந்த வட அமெரிக்க ஆய்வில், கருமுளை செல்லிலிருந்து செய்த பெம்டானெப்ரோசெல் என்ற தயாரிப்பு 12 பேருக்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு புட்டாமெனிலும் 27 லட்சம் அணுக்கள் பெற்ற பிரிவில் 18 மாதத்தில் சராசரி முன்னேற்றம் 23 புள்ளி. அந்த மதிப்பெண் பட்டியலின் உச்சம் 132; எண் குறைவதே முன்னேற்றம். லுண்டிலும் கேம்பிரிட்ஜிலும் நடக்கும் ஸ்டெம்-பிடி ஆய்வில் முதல் நோயாளிக்கு 2023 பிப்ரவரியில் அணுக்கள் வைக்கப்பட்டன.

எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் முடிவு வெளிவந்த இந்த இரு ஆய்வுகளும் பாதுகாப்பைப் பார்க்க நடந்தவை. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி அறுவைப் பிரிவு எதிலும் இல்லை. அது ஏன் அவசியம் என்பதை இந்தத் துறை வலியோடு கற்றது. லுண்டில் 1987 இல் தொடங்கிய கருத்திசு ஒட்டுகளில் சிலர் நன்றாகவே தேறினார்கள். அதை நம்பி அமெரிக்காவில் 40 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், பாதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு மூளையைத் தொடாமல் மூடினார்கள். 2001 இல் வெளியான முடிவில் நோயாளிகளே தங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஒட்டு பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு மருந்தை நிறுத்தினாலும் நிற்காத முறுக்கசைவு வந்தது. பெம்டானெப்ரோசெல்லின் மூன்றாம் கட்ட ஆய்வு போலி அறுவைப் பிரிவோடு 2025 இல் தொடங்கியிருப்பது இந்தப் பாடத்தால்தான்.

ஒட்டிய அணு வேலை செய்ய எவ்வளவு காலம் ஆகும்? மாதங்கள். வைத்த சில நாட்களிலேயே அணுக்களில் பெரும்பகுதி இறந்துவிடும். மிஞ்சியவை இழை நீட்டி, இணைப்பு ஏற்படுத்தி, முதிர வேண்டும். மனித நரம்பணு முதிர்வதே மிக மெதுவாக. 2024 இல் ஸ்டூடர் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் எபிஜெனெடிக் காரணத்தைக் காட்டியது: முன்னோடி நிலையிலேயே ஈஇசட்எச்2, டாட்1எல் போன்ற நொதிகள் முதிர்ச்சி மரபணுக்களைப் பூட்டி வைக்கின்றன, அந்தப் பூட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லத் தளர்கிறது. "இரண்டாம் ஊசி போட்ட பதினைந்தாம் நாள் எழுந்து நடந்தார்" என்ற வரியைப் படிக்கும்போது இந்தக் கால அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நடைக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் புதிய நரம்பணு அல்ல.

நம் ஊர்களில் காசு வாங்கிக்கொண்டு போடுவது பெரும்பாலும் மீசன்கைமல் செல். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியின் வழுவழுப்பான உட்பகுதியிலிருந்தோ எடுப்பது. இயல்பாக எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்ற மூன்று திசையில் போகும் அணு. அதன் டிஎன்ஏவில் டோபமின் நரம்பணுவுக்கான மரபணுக்கள் பூட்டியே இருக்கின்றன; நாளத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ விட்டுவிட்டால் அந்தப் பூட்டைத் திறக்க அங்கே யாரும் இல்லை. மேலே சொன்ன அத்தனை சமிக்ஞையும், அத்தனை நாளும், அத்தனை வடிகட்டலும் இல்லாமல் அது எப்படி நடுமூளை அணுவாகும்? கையில் நாளம் வழியாகச் செலுத்தினால் முதலில் போய்ச் சிக்குவது நுரையீரலில். வளர்ப்பில் பெருகிய மீசன்கைமல் அணு, நுரையீரல் நுண்குழாயின் விட்டத்தைவிடப் பெரியது. பெரும்பகுதி அங்கேயே தங்கி ஓரிரு நாளில் அழிகிறது. "பத்துக் கோடி செல் போடுகிறோம்" என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. கியோட்டோவில் ஒரு பக்கத்துக்கு வைத்த அதிகபட்ச அளவு 55 லட்சம்.

மாறாவிட்டால் என்ன, அந்த அணுக்கள் சுரக்கும் காப்புப் பொருட்கள் நரம்பைப் பேணும் என்று அடுத்த வாதம் வரும். அது ஆராயத்தக்க கருத்து, ஆராய்ந்தும் பார்த்தார்கள். நோயாளியின் மஜ்ஜை அணுக்களை வளர்ச்சிக் காரணிகள் சுரக்கும்படி பக்குவப்படுத்தி முதுகுத்தண்டு நீரில் செலுத்தும் நியூரோன் என்ற தயாரிப்பு, மோட்டார் நியூரான் நோயில் மூன்றாம் கட்ட ஆய்வின் இலக்கை எட்டவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவில் 17 பேர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். முறையாகச் செய்த தயாரிப்புக்கே இந்த நிலை.

"பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, சொந்த செல்தானே" என்று சொல்வதும் தவறு. அட்டாக்சியா-டெலாஞ்சியெக்டேசியா என்ற பரம்பரை நோயுள்ள இஸ்ரேலியச் சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவின் நரம்பு ஸ்டெம் செல்கள் பலமுறை செலுத்தப்பட்டன. நான்கு ஆண்டில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். எடுத்துச் சோதித்தபோது அந்தத் திசுவில் பெண் அணுக்கள் இருந்தன. தானம் தந்த கருவிலிருந்து வளர்ந்த கட்டி என்பது அதனால் உறுதியானது. 2009 இல் அது பதிவானது. பக்கவாதத்துக்காக மெக்சிகோ, சீனா, அர்ஜென்டினா என்று போய்த் தண்டுவட நீரில் ஊசி போட்டுக்கொண்ட 66 வயது அமெரிக்கரின் தண்டுவடத்தில் பிறர் அணுக்களால் ஆன கட்டி வளர்ந்ததை 2016 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. புளோரிடாவில் சொந்த வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்தது அதே இதழில் 2017 இல் வந்தது. இவை அல்லாமல், சுத்தம் குறைந்த தயாரிப்பால் மூளையுறைக் காய்ச்சல் வரும் ஆபத்து ஒவ்வொரு தண்டுவட ஊசியிலும் உண்டு. தொகுதிக்குத் தொகுதி கிருமிச் சோதனை, மைக்கோபிளாஸ்மா எனும் நுண்கிருமி, எண்டோடாக்சின் எனும் கிருமி நச்சு, உயிருள்ள அணுக்களின் சதவீதம், அணுவின் அடையாளம் இவற்றைக் காட்டும் ஆய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

முறையான ஒட்டுக்கும் விலை உண்டு. பிறர் அணுவாக இருப்பதால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும்; கியோட்டோவில் டாக்ரோலிமஸ் 15 மாதம் கொடுத்தார்கள். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இந்த மருந்தைத் தொடங்குமுன் உறங்கும் காசநோயைச் சோதிக்காவிட்டால் அது விழித்துக்கொள்ளும். சிறுநீரகத்தைப் பாதிக்கும். கை நடுக்கத்தையே பக்கவிளைவாகத் தரும் மருந்தும் இதுதான். ஒட்டு தோற்றதா, மருந்தின் அளவு கூடியதா என்பதை இரத்த அளவு பார்த்தே பிரித்தறிய முடியும். ஒட்டு வென்றாலும் மலச்சிக்கல், எழுந்தால் இரத்த அழுத்தம் விழுவது, தூக்கக் கோளாறு, நினைவிழப்பு ஆகியவை அதற்குக் கட்டுப்படா. அவை வேறு நரம்பணுக்களின் இழப்பு. ஒட்டிய பின் 11 முதல் 16 ஆண்டு வாழ்ந்து இறந்த சிலரின் மூளையைத் திறந்து பார்த்தபோது, ஒட்டிய இளம் அணுக்களிலும் ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம் திரண்ட, நடுக்குவாதத்தின் அடையாளமான லூயி உருண்டைகள் இருந்ததை 2008 இல் கண்டார்கள். நோய் புதிய அணுவையும் மெல்லத் தொடுகிறது.

எபிஜெனெடிக்ஸை நேரடிச் சிகிச்சையாக்கும் முயற்சியும் இங்கிருந்தே கிளைக்கிறது. ஆல்ஃபா-சைனுக்ளின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதி) மெத்தில் குறியைக் கூட்டி அதன் உற்பத்தியைத் தணிக்கும் கருவியை டியூக் பல்கலைக்கழகக் குழு 2018 இல் காட்டியது. ஒரு நோயாளியின் ஐபிஎஸ் செல்லிலிருந்து தட்டில் வளர்த்த நரம்பணுக்களில் செய்த வேலை அது. "எபிஜெனெடிக் ரீசெட்" என்று பெயரிட்டு விற்கும் சத்துமாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை.

இப்போது சாட்சி வீடியோக்கள். நேர்மையானவரைக்கூட ஏமாற்றக்கூடியவை இவை. நடுக்குவாத நோயாளி நாளுக்குப் பலமுறை மாறுகிறார். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை போட்டு அரை மணியில், ஒரு மணியில் உடல் இளகும்; சில மணி நேரத்தில் மீண்டும் இறுகும். காலையில் முதல் மாத்திரைக்கு முன் எடுத்த படத்தை "சிகிச்சைக்கு முன்" என்றும், மாத்திரை ஏறிய பின் எடுத்ததை "சிகிச்சைக்குப் பின்" என்றும் போட்டால், எந்தச் செல்லும் போடாமலேயே அதிசயம் தெரியும். ஆய்வுகளில் முந்தைய இரவிலிருந்து சுமார் 12 மணி நேரம் மருந்தை நிறுத்தி, இரு முறையும் அதே நிலையில்தான் அளப்பார்கள். கட்டை விரலும் சுட்டு விரலும் பத்து முறை தட்டுவது, கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவது, பின்னாலிருந்து தோளை இழுத்தால் எத்தனை அடி தடுமாறுகிறார் என்பது போன்றவை அந்த அளவீடு. வீடியோவில் தேதி, நேரம், கடைசி மாத்திரை எப்போது என்ற மூன்றும் இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை. நம்பிக்கையின் பலமும் சேர்கிறது: மருந்தே இல்லாத ஊசியை மருந்தென்று நம்பியபோது நோயாளிகளின் மூளை தானே டோபமின் சுரந்ததை 2001 இல் கனடாவில் பெட் ஸ்கேனில் படம் பிடித்தார்கள். ஊசிக்குப் பின் சில வாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அது அணுவின் வேலை என்பதுதான் தவறு.

சட்டத்தின் நிலை தெளிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017 வழிகாட்டுதலின்படி, நரம்புச் சிதைவு நோய் எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகத் தர அனுமதி இல்லை; ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரலாம். 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் ஸ்டெம் செல்லிலிருந்து வரும் தயாரிப்பைப் புதிய மருந்தாக வகைப்படுத்துகின்றன. ஆய்வுக்கு அனுமதி தரும் படிவம் சிடி-06. ஆய்வில் காயம் நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் நடத்துபவரின் பொறுப்பு. முறையாக எப்படி நடக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம்: வேலூர் சிஎம்சியில் இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய் உள்ள ஐந்து பேருக்கு, அவர்களின் இரத்த ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்திய ஆய்வு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது.

குடும்பத்தினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மையம் "இது ஆய்வு" என்று சொன்னால் சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ஆண்டு, மாதம், வரிசை எண் என்று இருக்கும். பதிவேடு இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. ஆனால் எண் இருப்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று பொருள் இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்தைத் திறந்து, நோயின் பெயர் உங்களுடையதுதானா, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி பெறப்பட்டதா, பண உதவி யாருடையது என்ற நான்கு இடத்தையும் பாருங்கள். அனுமதி "பொருந்தாது" என்றோ "பெறவில்லை" என்றோ இருந்தால், அல்லது பணம் நோயாளியுடையது என்றால், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போய், உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்றே பணம் கட்டினால் சலுகை என்பார்கள். உண்மையான ஆய்வில் சலுகைக்கு இடமேது?

எந்த மையம் சொன்னாலும் லெவோடோபாவைத் திடீரென நிறுத்த வேண்டாம். உடல் விறைத்து, கடும் காய்ச்சலும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை உணவுக்கு அரை மணி முன்பு தண்ணீரோடு எடுங்கள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரதம் குடலில் அதனோடு போட்டியிடும். இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். அதை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அளவு மீறி முறுக்கசைவும் மனக்குழப்பமும் வரும். பல பேருக்கு ஊசி வேலை செய்ததாகத் தோன்றுவது, அங்கே தங்கியிருந்த நாட்களில் மாத்திரை நேரம் தவறாமல் கொடுக்கப்பட்டதாலும் தினமும் பிசியோதெரபி நடந்ததாலும் இருக்கலாம். அந்த இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் பிரிவிலும் இதற்கு வழி உண்டு.

நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் மூளை நோய்களும் பக்கவாதமும் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் மருந்து விளம்பரத்தை வெளியிடுவதில் எவரும் எந்தப் பங்கும் கொள்ளக்கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. கட்டுரை வடிவில் வரும் விளம்பரத்தையும் தாங்கள் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஸ்டெம் செல் செய்தி எதுவானாலும் எத்தனை நோயாளிகள், ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததா, எத்தனை மாதக் கண்காணிப்பு, எந்த இதழில் வந்தது, இந்தியாவில் அனுமதி உண்டா என்ற விவரங்கள் செய்திக்குள்ளேயே இருக்கட்டும். சிகிச்சை மையத்தின் தொலைபேசி எண் வேண்டாம். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டு காய்ச்சல், கழுத்து விறைப்பு, கால் மரத்துப்போதல், புதிய வலிப்பு போன்றவை கண்டவர்கள் உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, போட்ட ஊசியின் பெயர், தேதி, தொகுதி எண், ரசீது எல்லாவற்றையும் மறைக்காமல் காட்ட வேண்டும். மருந்தின் பாதகவிளைவுகளைப் பதியும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியோ வீட்டாரோ நேரடியாக அழைத்துப் பதியலாம்.

இப்படிக்கு,
ஸ்டெம் செல் ஆய்வகப் பணியாளர்,
சென்னை